சங்கரன்கோவில் பஸ்ஸில் ஒரு டச்சுப் பரீட்சை

இன்று மதியம் வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் வந்த பஸ்ஸில் உலக வரலாறு நடந்தது. சாட்சி நான்.

தங்கச்சி மகள் செல்வி நர்ஸ். நெதர்லாந்து ஆஸ்பத்திரி வேலைக்காக இன்று போனில் டச்சு வாய்மொழித் தேர்வு. வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றிருந்தோம். கோடை வந்தால் அந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள் என்பது எங்கள் வம்சத்தில் எவருக்கும் தெரியாது. நாங்கள் நினைத்ததற்கு ஒரு மணி நேரம் முந்தி, பாதி வழியிலேயே போன் அடித்துவிட்டது.

"மாமா, போச்சு" என்றாள்.

நான் கண்டக்டரிடம் ஓடினேன். "அண்ணாச்சி, பிள்ளைக்குப் பரீட்சை."

"எங்கன?"

"இங்கனதான், போன்ல."

அவர் பஸ்ஸில் அலறிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். விசிலைப் பைக்குள் போட்டார். "ஏலே, யாரும் தும்மக்கூடாது" என்றார். அதன்பின் கம்பியைத் தட்டித்தான் ஸ்டாப்பிங். பிறந்ததிலிருந்து வாய் மூடாத அந்த பஸ் மூச்சை அடக்கியது.

ஏன் நர்ஸ் ஆனாய் என்று கேட்டார்களாம். 'ஏனென்றால்' என்று ஆரம்பித்தால் டச்சில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். அவள் படித்த, இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதப்பட்ட புத்தகம் இதற்காக இருபது பக்கம் அழுகிறது. செல்வி அலட்டாமல் அதைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள்.

பாஸ்.

"ஏட்டி, எப்படிச் சமாளிச்ச?"

"நாம பேசுறதே அப்படித்தான மாமா. மத்த வாக்கியத்துல வினைச்சொல்லை ரெண்டாவதா வைக்கணும் பாருங்க, அதுக்குத்தான் ஆறு மாசம் அழுதேன்."

கண்டக்டர் சேர்த்து வைத்திருந்த விசிலையெல்லாம் ஒரே மூச்சில் ஊதினார். ஆம்ஸ்டர்டாம் வரை கேட்டிருக்கும். அங்கே இருக்கும் மக்கா, உறுதிப்படுத்தவும்.