பருவத்துக்கு வந்த நாளில் போட்ட பால் ஊசி

கன்று செத்த பிறகு எங்கள் மாடு பாலை அடக்கிக்கொண்டது. ஏற்காட்டு மலையில், எங்கள் ஊரான கொட்டச்சேட்டில், எங்களுக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். என் வீட்டுக்காரர் யாரிடமோ ஆக்சிடோசின் என்ற பால் சுரக்க வைக்கும் ஊசி வாங்கி வந்து காலையில் போட ஆரம்பித்தார். போட்டதும் மடியில் பால் இறங்கும். மாடு அசைபோட்டபடி நிற்கும். ஊசிதான் அதைச் சாந்தப்படுத்துகிறது என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

ஒரு நாள் விடிந்ததிலிருந்து மாடு கத்தியது. பருவத்துக்கு வந்திருந்தது. சினை ஊசி போடுகிறவர் ஏற்காட்டிலிருந்து வரும்போது ஆடாமல் நிற்கட்டும் என்று இவர் பால் ஊசியைக் குத்தினார்.

மாடு அடங்கவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. கட்டியிருந்த சில்வர் ஓக் மரத்தில் போய் மோதியது. கயிற்றைப் பிடிக்கப் போனவரைத் தொடையில் உதைத்தது. சினை ஊசிக்காரர் கிட்டவே வராமல் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

"இது உதைகாலி. புரோக்கர வரச் சொல்லிட்டேன். சாயங்காலம் வண்டி வரும்" என்றார் வீட்டுக்காரர்.

அந்த வண்டியில் ஏறினால் கறிக்கடைதான்.

"ஊசிய நீங்க போட்டுட்டு மாட்டு மேல பழி போடறீங்களா?" என்றேன்.

"பொட்டை எல்லாம் இப்படித்தான். மாசத்துல நாலு நாள் உன்னையே கிட்ட அண்ட முடியாது."

"அப்ப எனக்கும் ஒரு ஊசி வாங்கியாந்து வெச்சிருங்க."

பக்கத்து ஊர் மாரமங்கலத்துக்கு வந்திருந்த கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். மத்தியானம் வந்தார். காலி ஊசியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இத இப்படி வாங்கிப் போடறதே தப்புங்க. மடியோட நிக்கிற மருந்தில்ல, பயம், பதட்டத்துலயும் கை வெக்கும். பொட்டை எலிகளுக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. பருவச் சுழற்சியில ஒரு கட்டத்துல பதட்டம் குறையுது, இன்னொரு கட்டத்துல குறையறதில்லீங்க."

"அப்ப ஊசியாலதான் உதைச்சுதுங்களா?" என்று கேட்டேன்.

"மாட்டுல அப்படித்தான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்க்கா. பருவத்துல மாடு தவிக்கத்தான் செய்யும். ஆனா நேத்து சாந்தமா நின்னுச்சுன்னு இன்னிக்கும் ஊசி அடக்கும்னு நெனைச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு. பருவம் தணியட்டும். ஊசி போடாம விட்டு, உதைக்குதான்னு பாருங்க."

சாயங்காலம் புரோக்கரின் வண்டி வந்தது. வீட்டுக்காரர் கயிற்றை அவிழ்க்கப் போனார். நான் குறுக்கே நின்றேன். அவரிடம் பேசிப் பயனில்லை. புரோக்கரிடம் சொன்னேன்:

"மாடு பருவத்துல வெறி புடிச்சு நிக்குதுங்க. கொண்டை ஊசி வளைவுல வண்டிக்குள்ள உதைச்சு வண்டி கவுந்தா, என்னையக் கேக்காதீங்க."

புரோக்கர் மாட்டைப் பார்த்தார். பிறகு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

பருவம் தணிந்ததும் ஊசி இல்லாமல் கறந்தேன். பாதிப் பால்தான் விட்டது. உதைக்கவில்லை.

"இந்தப் பாலுக்குத் தீனி வேறயா?" என்றார் வீட்டுக்காரர்.

மிச்சமிருந்த ஊசிகளைக் கக்கூஸ் குழியில் போட்டேன். புரோக்கர் மறுபடி போன் செய்தபோது நான்தான் எடுத்தேன்.

"மாடு விக்கறதுக்கு இல்லீங்க."