நாலு பெயரும் ஒரு மைக்கும்

இந்த வாரப் பத்தியில் ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பிள்ளையின் பெயரையும்தான். எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"பெயர் போட்டியள் எண்டால் உங்கடை மெஷினுக்குள்ளை கல்லுப் போடுவன், மாமா" என்றாள்.

அறுவடை இயந்திரத்துக்குள் கல் போனால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். ஆகவே வெறும் 'பிள்ளை'. பதினைந்து வயது. கிளிநொச்சி மாவட்டம். அடையாளம் தெரியாமல் சிலதை மாற்றியும் இருக்கிறேன்.

இயந்திரத்தோடு ஊர் ஊராகத் திரிகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். போன மாதம் மழை பெய்து வயல் சேறாகி நாலு நாள் வேலை நின்றது. தெரிந்த அக்கா ஒருவரின் வீட்டு விறாந்தையில் தங்கியிருந்தேன். பள்ளிக்கூட நாள், காலை எட்டு மணி. அக்காவின் மகள் சீருடை போடாமல் கிணற்றுக்கட்டில் குந்தியிருக்கிறாள்.

"பள்ளிக்கூடம் இல்லையோ?" என்றேன்.

பதில் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அக்காவிடமிருந்து வந்தது. "அவா இனிப் போகமாட்டாவாம். ரெண்டு கிழமையாச்சு."

விசாரித்தேன். பிள்ளைக்கு மாதக் கணக்கில் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கும். காரணமில்லாமல் அழுகை வரும். துணிந்து வகுப்பு ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை நல்லவர். மனக்கஷ்டங்களைக் கேட்கப் புதன்கிழமைகளில் வருகிற உளவளத்துணையாளரைப் பார்க்கட்டும் என்று பெயரை எழுதிக் கொடுத்தார்.

இதுவரைக்கும் எல்லாம் சரி...

புதன் காலை, பிரார்த்தனை முடிந்ததும் உப அதிபர் மைக்கைப் பிடித்தார். "இன்று உளவளத்துணைக்குச் செல்ல வேண்டிய மாணவர்கள்" என்று நாலு பெயர் வாசித்தார். முதலெழுத்தோடு, வகுப்போடு. ஒலிபெருக்கி புதிது. சந்திக் கடை வரை கேட்கும். இடைவேளைக்குள் நாலு பேருக்கும் ஒரே பட்டம் கிடைத்துவிட்டது — விசர், பைத்தியம்.

"டீச்சரிட்டைப் போய்ச் சொல்லவேணுமோ? என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே" என்றார் அக்கா.

"உங்களிட்டைத்தான் முதல் சொன்னனான்" என்றாள் பிள்ளை, திரும்பிப் பார்க்காமல். "நாங்கள் ஷெல்லடிக்கை பங்கருக்குள்ளை நித்திரை கொண்டனாங்கள், உனக்கு ஃபானுக்குக் கீழை நித்திரை வரேல்லையோ எண்டு கேட்டனீங்கள்."

குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

எங்கள் ஊர்களின் வியாதி இது. பிள்ளை எதைச் சொன்னாலும் யுத்தகாலத்துப் பங்கரோடு அளந்து பார்ப்போம். அதைவிடக் குறைவா? அப்படியென்றால் அது கஷ்டமே இல்லை!

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மிச்சப் படிப்பு, யுத்தம் முடிந்ததும் எங்களை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமில், தண்ணீர் வரிசையில். அங்கே பதிவு இலக்கம் கேட்டார்கள். குடும்பத்தில் எத்தனை பேர் மிச்சம் என்று கேட்டார்கள். நித்திரை வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. வரவில்லை. இப்போதும் ஒரே இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் என்னால் இருக்க முடிவதில்லை. இதைப் பலம் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் பெருமை வேறு பேசுகிறோம்.

அடுத்த நாள் அக்காவோடு பள்ளிக்கூடம் போனேன். உப அதிபர் கதிரை போட்டு உட்கார வைத்தார். பிளேன்டீயும் வந்தது.

"இதிலை வெட்கப்பட ஒண்டுமில்லை எண்டு பிள்ளையளுக்குக் காட்டத்தான் மைக்கிலை வாசிக்கிறனாங்கள்" என்றார்.

"வயித்தாலை போறதும் வெட்கப்படுற விசயமில்லை, சேர். அதையும் வாசிப்பியளோ?" என்றேன்.

அக்கா என் காலை மிதித்தார். உப அதிபர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் அப்பிடி யோசிக்கேல்லை, தம்பி." இனி வாசிப்பதில்லை என்றும் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவர் என்றால் ஏசிவிட்டாவது வந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் சொன்னோம்.

"வாசிச்சது வாசிச்சதுதானே? திருப்பி விழுங்கேலுமோ அவராலை?" என்றாள்.

அவளுக்கு இந்த வருடம் ஓ.எல். பரீட்சை. தூக்கமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. இப்படியே எத்தனை நாள்?

மறுநாள் காலை அக்கா பிள்ளையைப் பிடித்து உட்கார்த்தித் தலைவாரிப் பின்னிக்கொண்டு சொன்னார்: "டவுண் ஆசுபத்திரியிலை மனநலக் கிளினிக் இருக்காம். டீச்சரிட்டை விசாரிச்சனான். வெளிக்கிடு."

"சனம் கேட்டால்?"

"பல்லு எண்டு சொல்லுவம்."

பின்னலைப் பாதியில் நிறுத்தினார். "பங்கருக்குள்ளை நானும் நித்திரை கொள்ளேல்லையடி. சும்மா சொன்னனான்."

பிள்ளை தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாள்.

எனக்கும் டவுணில் இயந்திரத்துக்கு பெல்ட் வாங்க வேண்டியிருந்தது. ஒரே பஸ்ஸில் போனோம். நிற்கவும் இடமில்லை. எங்கே போகிறீர்கள் என்று ஒரு அம்மா கேட்டார்.

"பிள்ளைக்குப் பல்லுக் கொதி" என்றார் அக்கா.

அவ்வளவுதான். ஒருவர் எழும்பி இடம் கொடுத்தார். "ஐயோ, உது பொல்லாத கொதியெல்லே" என்றார் இன்னொருவர். அந்த அம்மா கைப்பையைக் கிண்டிக் கராம்பு எடுத்துக் கொடுத்தார். "கடிச்சுக்கொண்டு இரு, பிள்ளை." கண்டக்டர் முன்பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார். "அண்ணை, பள்ளம் பார்த்து விடுங்கோ, பிள்ளை ஒண்டு பல்லுக் கொதியோடை இருக்கு."

அந்த றோட்டில் எந்த பஸ்ஸும் அவ்வளவு மெதுவாகப் போய் நான் பார்த்ததில்லை. பிள்ளை வாயில் கராம்போடு யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரிப்பை அடக்குகிறாள்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கிளினிக். தூக்கம் கொஞ்சம் வருகிறதாம். போன திங்கள் சீருடை போட்டாள் என்று அக்கா போனில் சொன்னார்.

அந்த பஸ்ஸில் உண்மையைச் சொல்லியிருந்தால் யாராவது எழும்பி இடம் கொடுத்திருப்பார்களா? எழும்பியிருப்பார்கள்... தள்ளிப் போய் நிற்பதற்கு.

இன்னும் கொஞ்சக் காலத்துக்கு எங்கள் பிள்ளைகளுக்குப் பல்தான் வலிக்கும் போல.