அடாப்டரையும் எண்ணி வாங்கியவன்

போன ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது இது. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாசிர் கூடாங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வு வயது தாண்டியும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்து என்னை வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இருப்பவை நூற்றுப் பன்னிரண்டு விண்டோஸ் கணினிகள். பிஸ்கட் டின்களுக்கு லேபிள் வரையும் பிரிவில் மட்டும் மூன்று மேக் மடிக்கணினிகள். எண்ணிக்கை என் வாயில் இருந்துகொண்டே இருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

அந்த மூன்று மேக்குகள் எனக்குப் பழக்கமில்லாததைக் காரணம் காட்டித்தான், கணினி வேலை முழுவதையும் வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடலாமா என்று முதலாளி யோசிக்க ஆரம்பித்திருந்தார். அவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று சொல்லி வைத்திருந்தேன். டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. இந்த வயதில் வேறு யார் என்னை வேலைக்கு எடுப்பார்கள்?

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் லேபிள் பிரிவில் இருந்த மூவரையும் ஆட்குறைப்பில் அனுப்பியிருந்தார்கள். பொருட்களைத் திரும்ப வாங்கியது நான். அவர்களில் ஒருவர் பக்கத்து ஊரான மாசாயில் இருந்து வந்த தமிழ்ப் பெண். மேக், சார்ஜர், பை எல்லாம் சரியாக இருந்தன. கட்டைவிரல் அளவு அடாப்டர் ஒன்று மட்டும் குறைந்தது. அது வரும்வரை, எல்லாம் வந்து சேர்ந்தது என்ற தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மறுநாள் அவர் மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

லேபிள் வேலையை வெளியில் கொடுத்தது சரிப்படவில்லை. புதிதாக ஒருவரை எடுத்தார்கள். அவர் திங்கட்கிழமை சேர வேண்டும். வெள்ளிக்கிழமை காலை, எங்கள் வழக்கப்படி ஒரு மேக்கை முழுவதும் அழித்தேன். திரும்பி வந்த கணினியை யாரையும் கேட்காமல் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதுதான் விண்டோஸில் நான் காலமெல்லாம் செய்தது. மேக் அப்படி விடவில்லை. முன்பு பயன்படுத்தியவரின் கடவுச்சொல்லைக் கொடு என்று திரையில் கேட்டு நின்றுவிட்டது. அது அந்த மாசாய்ப் பெண்ணின் மேக்.

விண்டோஸ் கணினிகளெல்லாம் அலுவலகக் கணக்கில் இருந்தன. மேக்குகளுக்கு அப்படி ஓர் ஏற்பாட்டை யாரும் செய்யவில்லை. அவரவர் சொந்தக் கணக்கைப் போட்டுத்தான் வேலை செய்திருக்கிறார்கள். வாங்கிய ரசீது இருந்தால் தயாரித்த நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார் தெரிந்த கடைக்காரர். ரசீது யாரிடமும் இல்லை. மற்ற இரண்டையும் தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

வேறு வழியில்லாமல் அந்தப் பெண்ணுக்கு அழைத்தேன். வேலையை விட்டு அனுப்பிய இடத்தில் இருந்து உதவி கேட்டால் யார் செய்வார்கள்? அவர் சிங்கப்பூரில் ஏதோ வேலையில் இருந்தார். சாப்பாட்டு நேரம். தட்டுகளின் சத்தம் கேட்டது.

"யாரு, ஐடி அங்கிளா?"

விஷயத்தைச் சொன்னேன். என் ஒப்பந்தம் தொங்கிக்கொண்டிருப்பதையும் சொன்னேன். முடியாது என்றாலும் தப்பாக நினைக்க மாட்டேன் என்றேன்.

"அந்தத் துண்டு அடாப்டரக்கூட எண்ணி வாங்குனீங்களே அங்கிள். இத எண்ணலியா?"

"இது கண்ணுக்குத் தெரியலம்மா."

சிரித்துவிட்டார். "அன்னிக்கு மழையில வந்து சட்ட, சிலுவாரெல்லாம் நனைஞ்சு போச்சு, தெரியுமா?"

"தெரியும்மா. சன்னல்ல பார்த்துக்கிட்டுதான் நின்னேன்."

"பார்த்துக்கிட்டு நின்னாராம்." யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. "கம்பெனி கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டேன். ஒங்க வேலை போயி எனக்கு என்ன ஆகப்போவுது? லைன்லயே இருங்க."

தன் கைப்பேசியிலேயே அந்த மேக்கைத் தன் கணக்கில் இருந்து நீக்கினார். "இப்ப தொறந்து பாருங்க லா" என்றார். மறுபடி முடுக்கினேன். கடவுச்சொல் கேட்ட திரை போய், எந்த மொழி வேண்டும் என்று கேட்கும் திரை வந்தது. "வந்திருச்சும்மா" என்றேன். மற்ற இரண்டும் இப்படித்தான் இருக்குமே, தொட்டுவிட்டீர்களா என்று அவரே கேட்டார். இல்லை என்றேன். சாப்பாடு ஆறுகிறது என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை எனக்கு இரண்டு செய்திகள் வந்திருந்தன. ஆட்குறைப்பில் போன மற்ற இருவரும் அனுப்பியவை. ஒருவர் மலாய்க்காரர், மற்றவர் பத்து பகாட் என்ற ஊரில் இருக்கும் சீனப் பெண். இருவரும் தங்கள் கணக்கில் இருந்து மேக்கை நீக்கிவிட்டதாக எழுதியிருந்தார்கள். நான் அவர்களைக் கேட்கவே இல்லை. சாப்பிட்டு முடித்த கையோடு அந்தப் பெண் அவர்களிடமும் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை மூன்று மேக்குகளும் அலுவலகக் கணக்கில் ஓடின. டிசம்பரில் என் ஒப்பந்தம் இன்னும் ஓர் ஆண்டு நீண்டது.

இப்போது யாராவது வேலையை விட்டுப் போகும்போது, முதலில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன். அவர்கள் தங்கள் படங்களை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டு வெளியேறும்வரை அவசரப்படுத்துவதில்லை. பொருட்களை அதன் பிறகுதான் எண்ணுகிறேன். எண்ணும்போதெல்லாம், எந்தக் கணக்கிலும் வராத ஒன்றை அந்த மூன்று பேரும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது நினைவுக்கு வந்து, கையெழுத்துப் போடும் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.