ஆமென் சொல்ல விடாத மத்தங்காய்

ஏத்தங்காயை, அதாவது நேந்திர வாழைக்காயை, சீவி வெயிலில் காயப்போட்டு, இடித்துச் சலித்த பொடியைக் கருப்பட்டித் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினால், முதலில் ஒரு பச்சை வாடை வரும். கை ஓயாமல் கிண்டக் கிண்ட அது மாறி, கனமான ஒரு இனிப்பு மணமாக எழும்பி, அடுக்களையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, ரோட்டில் போகிறவன் மூக்கு வரைக்கும் போகும். அந்த மணம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம், அந்த வீட்டில் ஒரு கைப்பிள்ளைக்குத் தீனி தொடங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்வார்கள். அதற்குக் "குறுக்கு" என்று பேர். தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாக நாங்களெல்லாம் விழுங்கியது அதைத்தான். நானும் விழுங்கினேன். விழுங்கியதன் பலனை இந்த வயதிலும் என் தோள்களைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

என்னைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் கதையின் அருமை உங்களுக்குத் தெரியாது. நான் படித்தது நாலாம் கிளாசு. இன்றைக்குப் புதுக்கடைச் சந்திப்பில் இறங்கி, "மொத்தக் காய்கறிக்கடை எது?" என்று எந்த ஆட்டோக்காரரிடம் கேட்டாலும் கையை நீட்டி என் கடையைத்தான் காட்டுவார். தேங்காய்ப்பட்டணம் தொடங்கிக் குழித்துறை வரைக்கும் என் கடைக் காய் வேகாத கல்யாண வீடு குறைவு. கையெழுத்துப் போடக் கொஞ்சம் நேரம் எடுக்கும். மற்ற எல்லாவற்றிலும் நான் வேகம். இப்படிப்பட்ட ஒருவன் காய்கறித் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் என் தங்கை லில்லி, பல் முளைக்காத பருவத்தில் செய்த ஒரு காரியம்.

அம்மா அப்போது "அண்டியாபீசில்" வேலை பார்த்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டையைத் தட்டி உடைப்பார்கள். தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருக்கும். ஒவ்வொருத்திக்கும் வரிசையில் ஓர் இடம் உண்டு. பிரசவத்துக்குப் போனவள் சொன்ன நாளில் திரும்பி வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அப்பா கேரளத்து எஸ்டேட்டில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தார். மழை வந்தால் வெட்டும் இல்லை, வரவும் இல்லை. ஆகவே அம்மாவின் அந்த இடம்தான் எங்கள் கஞ்சிக்கலம். அம்மா திரும்பிப் போனால் பகலில் லில்லியைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு ரோஸம்மா மாமி இருந்தாள், நானும் இருந்தேன். ஆனால் எங்கள் இரண்டு பேரிடமும் பால் இல்லை. அம்மா இல்லாத நேரத்தில் பிள்ளை எதையாவது தின்றாக வேண்டும்.

லில்லி தின்னவில்லை. குறுக்கைத் துப்பினாள். பசும்பாலைத் துப்பினாள். கூவைக்கிழங்கு மாவைக் காய்ச்சிக் கொடுத்தால், வாயில் வைத்துக்கொண்டு, கொடுத்தவர் முகம் பக்கத்தில் வருகிறவரைக்கும் காத்திருந்து துப்பினாள். அவள் துப்பியது போக மிஞ்சியதையெல்லாம் வீணாகக் கூடாதே என்று நான் தின்றேன். அந்த மாதம் நான் வைத்த சதையைப் பார்த்து, "பிள்ளை நல்லாத் திங்குது போல" என்று அம்மாவிடம் விசாரித்தவர்கள் உண்டு.

விஷயம் ஊரில் பரவியதும் ஆளுக்கொரு யோசனையோடு வந்துவிட்டார்கள். சேனை கொடு என்றாள் ஒருத்தி. சேனை நாக்கு அரிக்கும், தடியங்காய் கொடு என்றாள் இன்னொருத்தி. தடியங்காய் குளிர்ச்சி, சளி பிடிக்கும் என்று மூன்றாமவள் சண்டைக்கு வந்தாள். வந்தவர்கள் சும்மா போகாமல், லில்லியை மடியில் கிடத்தி, ஒருத்தி காலைப் பிடிக்க, ஒருத்தி கைதட்ட, ஒருத்தி காக்காய் காட்ட, மிச்சப்பேர் சுற்றி நின்று அவள் வாயையே பார்ப்பார்கள். ரோஸம்மா மாமியின் குரல்தான் மேலே கேட்கும்: "வாயைத் தொறட்டீ! உனக்க கொம்மைக்கு ஆபீசுக்குப் போண்டாமா?"

லில்லி எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள். பிறகு ஈறுகளை இறுக்கிக்கொள்வாள். அந்த வாயைத் திறக்கத் தச்சனைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஆள் கூட்டம் போன பிறகு அம்மா தனியாக உட்கார்ந்து, "எனக்க மக்களே, ஒரு வாய் தின்னு, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவாள். கண் நிறைந்திருக்கும். லில்லி அந்தக் கண்ணையும் பார்த்துக்கொண்டே துப்புவாள்.

இப்படியே, பிரசவம் கழிந்து அம்மா ஆபீசுக்குத் திரும்ப வேண்டிய திங்கட்கிழமை நெருங்கிவிட்டது. முந்தின நாள் ஞாயிறு, எங்கள் கோயிலில் "அசனம்", அதாவது சபையார் எல்லாரும் காய் கொண்டுவந்து, சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்கிற வருஷத்து விருந்து. சமையலுக்குத் தலைவர் ஞானமுத்து மூப்பர். நெருப்புக்கும் கோபத்துக்கும் பயப்படாத மனிதர். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது: ஐயர் ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் ஒரு பருக்கையை ஒருத்தரும் தொடக் கூடாது. உப்புப் பார்ப்பதுகூட அவர் ஒருவர்தான், அதுவும் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நாக்கில் வைப்பார். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்று சொல்வது வழக்கம். அப்போது இருந்தவர் ஒல்லியான, இளவயது ஐயர். சுருக்கமாக ஜெபிப்பார். அதனாலேயே சபையில் அவருக்கு நல்ல பேர்.

அன்றைக்கும் கோயில் முற்றத்தில் பெண்கள் லில்லியைக் கைமாற்றி வாங்கி வாயைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பொறுக்காமல் அம்மா அவளை என் இடுப்பில் ஏற்றி, "மக்கா, இதைக் கொண்டு ஆளில்லாத இடத்துல இரி" என்றாள். நான் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே இரண்டாம் பந்திக்கு எரிசேரி கூட்டுவதற்காக, மஞ்சளும் ஒரு சிட்டிகை உப்பும் மட்டும் போட்டு அவித்த மத்தங்காய்த் துண்டுகளை வாழையிலையில் ஆறப்போட்டிருந்தார்கள். வடக்கே இதைப் பரங்கி என்பார்கள். பேரை எப்படிச் சொன்னாலும் அந்த நிறம் ஒன்றுதான், கொட்டகை இருட்டில் விளக்கு வைத்தாற்போல இருந்தது. இலைக்குப் பக்கத்தில் லில்லியை உட்காரவைத்துவிட்டு நான் காக்காய் வருகிறதா என்று மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சப்" என்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால், லில்லி ஒரு துண்டைக் கைக்குள் வைத்துப் பிசைந்து, விரலிடுக்கில் பிதுங்கியதை வாய்க்குள் தள்ளிக்கொண்டிருக்கிறாள். துப்பவில்லை. விழுங்கினாள். அடுத்த துண்டுக்குக் கை போனது. அவளை யாரும் பார்க்கவில்லை, வாயைத் திற என்று யாரும் சொல்லவில்லை, அதனால்தான் தின்கிறாள் என்பது அந்த நிமிஷத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அத்தனை பெரிய ஆட்களுக்கு விளங்காதது எனக்கு விளங்கியது என்பதை இந்த இடத்தில் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் மூச்சுவிடாமல் மறுபடி மேலே பார்த்தேன்.

காக்காய்க்குப் பதிலாக மூப்பர் வந்தார்.

"ஏலே! ஜெபம் பண்ணாத்த சாப்பாட்டுல கை வச்சது எவம்லே?"

"நான் இல்ல பாட்டா, லில்லி."

"லில்லியா? அவளுக்குப் பல்லே இல்லியேலே!"

அவர் போட்ட சத்தத்தில் முற்றத்து ஜனம் முழுவதும் கொட்டகைக்குப் பின்னால் வந்துவிட்டது. மூக்கிலும் புருவத்திலும் மஞ்சள் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த லில்லி, தலைகளைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள். உதடு பிதுங்கத் தொடங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள், பின்னாலேயே ஐயரும் வந்தார்.

கோயிலில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காத என் அம்மா அன்றைக்குத் திறந்தாள். "ஐயரே, விடிஞ்சா நான் ஆபீசுக்குப் போணும். இல்லேன்னா எனக்க இடம் போச்சு. இத்தன நாளும் ஒரு பருக்கை உள்ள போவல்ல. இப்பம் தின்னுது. எல்லாரும் இப்பிடிப் பாத்தா நிறுத்திருவா. கொஞ்சம் அங்கோட்டுத் திரும்பி நிக்கச் சொல்லுங்க ஐயரே, பிள்ளை தின்னட்டு."

"ஜெபத்துக்கு முந்தி எப்பிடிட்டீ தின்னட்டும்?" என்றார் மூப்பர்.

ஐயர் லில்லியைப் பார்த்தார். மூப்பரைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் உயர்த்தி, நல்ல உரத்த குரலில், "நாம் எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார்.

இருநூறு முந்நூறு கண்கள் சட்டென்று மூடின. திறந்திருந்தவை ஐயரின் ஒரு கண்ணும், என் இரண்டு கண்ணும், லில்லியின் கண்ணும்தான். அவள் சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் தன்னைப் பார்க்கவில்லை என்று உறுதியானதும் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். ஐயர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான், "இன்னும் முடியவில்லை" என்று தலையை ஆட்டினேன்.

அவர் ஜெபத்தை நீட்டினார். உணவுக்காக நன்றி சொன்னார். மழைக்காகக் கேட்டார். கடலுக்குப் போனவர்களுக்காகவும், மலைக்குப் போனவர்களுக்காகவும், தூரதேசத்தில் பிழைக்கப் போனவர்களுக்காகவும் கேட்டார். என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். பரீட்சை எழுதுகிறவர்கள், நோயாளிகள், விதவைகள், பாதையோர மரங்கள் என்று போனார். இதற்குள் மூப்பர் பொறுக்காமல், முடித்துவைக்கிற எண்ணத்தோடு "ஆமென்!" என்று ஒரு போடு போட்டார். ஐயர், "மேலும் ஆண்டவரே," என்று தொடங்கிவிட்டார். அடுப்பில் பெரிய வார்ப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரின் மணம் மெல்ல மாறியது. "அடி பிடிக்குவு ஆண்டவரே, அடி பிடிக்குவு" என்று மூப்பர் கண்ணை மூடியபடி முனகினதும் ஒரு ஜெபமாகவே கேட்டது.

நான் அம்மாவைப் பார்த்தேன். கறுத்த விரல்களைக் கோத்து நெஞ்சோடு அழுத்தி, கண்ணை இறுக மூடி நின்றாள். லில்லி சப்பிய சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

லில்லி ஒரு ஏப்பம் விட்டாள். நான் தலையை நேராக ஆட்டினேன். ஐயர், "ஆமென்" என்றார்.

அந்த வருஷம் சபை முழுவதும் தீய்ந்த சாம்பாரைத்தான் தின்றது. சுருக்கமான ஜெபக்காரர் என்ற பேர் ஐயருக்கு அன்றோடு போயிற்று. மறுநாள் விடியுமுன் அம்மா புறப்பட்டு, தன் இடத்தில் தன் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் ஞானமுத்து மூப்பர் ஒரு முழு மத்தங்காயைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஜெபம் பண்ணாத்தது தின்னுப் பழகினவளுக்கு வேற எது பிடிக்கும்? இன்னா, வச்சுக்கோ" என்று இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். பகல்பூராவும் அவித்த மத்தங்காயை லில்லி முன்னால் வைத்துவிட்டு, ரோஸம்மா மாமியும் நானும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். என் பள்ளிக்கூடம் நின்றது அப்போதுதான். அந்தக் காயின் விதையைப் புறக்கடையில் ஊன்றினேன். கொடி மாமியின் ஓலைக்கூரையில் ஏறிக் காய்த்தது. அதில் இரண்டைத் தலையில் வைத்துப் புதுக்கடைச் சந்தைக்கு நடந்தேன். மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

இன்றைக்கு அந்த அண்டியாபீசு இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், மூப்பரும் போய்விட்டார். அசனத்துக்கு இப்போது கேட்டரிங்காரர்கள் காஸ் அடுப்போடு வருகிறார்கள், காய் நறுக்கிய பாக்கெட்டாக வருகிறது. அந்தப் பாக்கெட் என் கடையிலிருந்துதான் போகிறது, ஆகவே நான் குறை சொல்ல மாட்டேன். சாம்பார் தீய்வதே இல்லை. லில்லி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். மத்தங்காய் என்றால் முகத்தைச் சுளிப்பாள்.

என் மகள் குவைத்தில் நர்ஸ். லீவு முடிந்து போகப்போகிறாள், பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு. அவன் பேர் ஈத்தன். எனக்கு வாயில் வருவது ஏத்தன்தான். கேரட்டை ஆவியில் வேகவைத்து மிக்சியில் அடிக்கிறாள், பீன்ஸை அடிக்கிறாள், அவன் துப்புகிறான். துப்புகிறதை அவள் செல்போனில் படம் பிடித்து அவள் புருஷனுக்கு அனுப்புகிறாள். போன வாரம், லில்லியும் வந்திருந்த ஒரு நாள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "அப்பா, இவன் ஒண்ணும் தின்னாம நான் எப்பிடிப் போவேன்?" என்றாள். சொன்ன குரல் எனக்குப் பழக்கமான குரல்.

நான் எழுந்துபோய் அவித்த மத்தங்காய்த் துண்டை அவன் தட்டில் வைத்தேன். "ஏட்டி, அந்தப் போனைக் கமுத்தி வை. எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றேன். லில்லி மட்டும் வாய்க்குள் சிரித்துக்கொண்டு முதல் ஆளாக மூடினாள்.

எனக்கு ஐயரைப் போல வார்த்தை வராது. மழைக்கும் கடலுக்கும் கேட்டு முடித்ததும் சரக்குத் தீர்ந்துவிட்டது. பிறகு தெரிந்ததைச் சொன்னேன்: "தடியங்காய்க்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே, வெள்ளரிக்காய்க்காக ஸ்தோத்திரம், வழுதலங்காய்க்காக, புடலங்காய்க்காக, மழையில் அழுகாமல் வந்து சேர்ந்த தக்காளிக்காக..." என்று கடையை ஒரு முனையிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன்.

சேம்புக்கு வந்தபோது "சப்" என்று ஒரு சத்தம் கேட்டது. மகள் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல், அல்லது சிரிப்பு. அன்றைக்குத் திறந்து பார்த்தவன் நான். இந்தத் தடவை திறக்கவில்லை. கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டு, கடையில் மிச்சமிருந்த காய்களை நிதானமாகச் சொல்லத் தொடங்கினேன்.