அப்பா அசைத்த ஒற்றைக் கொடி

அப்பா மறைந்த முப்பத்தோராம் நாளான இன்று இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர், ஒரு காலத்தில் அப்பாவோடு ஒரு பந்துக்காகச் சண்டை பிடித்தவர்கள். அதில் முதல் ஆள் நான்தான். ஆகவே மகள் என்ற உரிமையோடு அந்தக் கதையையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பா வடமராட்சியில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். நாட்டு நிலைமையால் படிப்பைப் பாதியில் விட்டு, அகதியாக மொன்றியலுக்கு வந்தார். டோர்வல் விமான நிலையத்தில் முதலில் விமானங்களுக்குள் துப்புரவு வேலை. பிறகு, விமானம் தரிப்பிடத்துக்குள் வரும்போது அதன் இறக்கை நுனி எதிலும் முட்டாமல் பக்கத்தில் நடந்து பார்க்கும் வேலை. இருபத்தாறு வருடங்கள் பனியிலும் மழையிலும் அந்த நுனியையே பார்த்து நடந்தார். இயந்திர இரைச்சலில் இடது காது மந்தமாகிப் போனது. வீட்டில் நாங்கள் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும்.

நான் பல்கலைக்கழகத்தில் ஆஸ்திரேலிய உதைபந்தாட்டம் ஆடத் தொடங்கியபோது அம்மாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. "பந்து முட்டை மாதிரிக் கிடக்கு, நீங்கள் கோழியள் மாதிரி அடிபடுறியள். இதெல்லாம் ஒரு விளையாட்டோ?" என்று கேட்டார். அப்பாவோ என்னைக் காரில் கொண்டுவந்து விட்டவர், அங்கேயே நின்றுவிட்டார். ஒவ்வொரு அணியும் ஒரு கோல் நடுவரைத் தர வேண்டும் என்பது எங்கள் சிறிய சங்கத்தின் வழக்கம். எங்கள் அணிக்கு ஆள் இல்லை. "நிக்கிற வேலைதானே, நான் நிக்கிறன்" என்றார்.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்காக: நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் ஆறு புள்ளி. வழியில் எவருடைய விரலாவது பந்தில் பட்டுவிட்டால் ஒரு புள்ளிதான். கோல் நடுவர் ஆறுக்கு இரண்டு கொடிகளை அசைப்பார், ஒன்றுக்கு ஒற்றைக் கொடி. முதல் நாள் அப்பா விமானத்தைத் தரிப்பிடத்துக்குக் கூப்பிடுவதுபோல் கொடிகளைத் தலைக்கு மேலே மடக்கி மடக்கி அசைத்தார். மைதானமே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அவருடைய தீர்ப்பைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

புவாண்ட்-கிளேர் பூங்காவில் எங்கள் சங்கத்தின் முதலாவது பெண்கள் இறுதிப் போட்டி நடந்தது. கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்து என் கைக்கு வந்தது. உதைத்தேன். எதிரணியின் இசபெல் எகிறிக் கை நீட்டினாள். பந்து அவளைத் தாண்டி, உயரக் கம்பங்களுக்கு நடுவே, அப்பாவின் தலைக்கு மேலால் போனது. "வெண்டிட்டம்! வெண்டிட்டம்!" என்று அத்தை றோல்ஸ் பலகாரத் தட்டோடு மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார். என் தோழிகள் என்னைத் தூக்கிவிட்டார்கள்.

அப்பா அசையவில்லை. மைதான நடுவரைப் பார்த்து, தன் விரல் நுனியைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஒரு விரலை நீட்டினார். குனிந்து ஒரு கொடியை மட்டும் எடுத்து அசைத்தார். எங்கள் அணி தந்த நடுவர், என்னைப் பெற்றவர். இரண்டு கொடிகளை எடுத்திருந்தால் கேட்க ஒருவரும் இல்லை. போட்டி சமநிலையில் முடிந்தது.

அத்தையின் கையிலிருந்த தட்டை வாங்கி, "சமம்தானே, ரெண்டு பக்கமும் சாப்பிடோணும்" என்று எதிரணிக்கும் றோல்ஸ் கொடுத்தார் அப்பா. திரும்பும்போது காரை ஓட்டியது நான். ஓட்டிக்கொண்டே வெடித்தேன்.

"அவளின்ரை கையிலை படவே இல்லை அப்பா!"

"சின்னிவிரல் நுனியிலை பட்டது பிள்ளை. பந்து சுழண்ட விதம் மாறினது."

"நல்லவர் எண்டு பேரெடுக்க நான்தானோ கிடைச்சன்?"

அப்பா முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மந்தமான காது என் பக்கம் இருந்ததால் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் கண் கலங்கியதை நான் கவனிக்காததுபோல் இருந்தேன்.

ஆஸ்திரேலியாவில் முன்பு இருந்த வழக்கப்படி, மறு வாரம் முழுப் போட்டியையும் புதிதாக ஆடினோம். தோற்றோம். அதன்பின் எங்கள் அணி இறுதிப் போட்டியை எட்டவே இல்லை. வீட்டில் அது பகிடியாகிவிட்டது. அப்பா தேநீருக்கு இரண்டு கரண்டி சீனி கேட்டால், "ஒண்டுதான். மற்றது விரலிலை பட்டிட்டுது" என்பேன். அவர் சிரித்துக்கொண்டு குடிப்பார். என் பகிடிக்குள் கோபம் இருந்தது. மருத்துவமனையில் கடைசி வாரத்தில்கூடக் கேட்டேன்: "உண்மையாப் பட்டதோ அப்பா?" "ஓம்" என்றார். நான் தலையாட்டினேன், நம்பவில்லை.

அப்பாவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று, வரிசையில் இசபெல் நின்றாள். எட்டு வருடங்களுக்குப் பிறகு பார்க்கிறேன். அப்பாவின் முன்னால் நீண்ட நேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து தன் வலது கைச் சின்னிவிரலை நீட்டி, பந்து இங்கேதான் உரசியது என்று பிரெஞ்சில் சொன்னாள். அப்பா கொடி அசைக்கும்வரை அது தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்தாளாம். பட்டது என்று சத்தம் போட்டால் பொய் என்பார்கள் என்று பேசாமல் நின்றாளாம். "உன் அப்பா எப்படிக் கண்டார்?" என்று கேட்டாள்.

அந்த வேகத்தில், அந்த இரைச்சலில், ஒரு நகத்தின் அளவு தூரத்தை அப்பா கண்டிருக்கிறார். கண்டதை, பெற்ற மகள் வெற்றியில் குதிப்பதைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். பிறகு எட்டு வருடங்கள் என் வாயை ஒரு சொல் கடியாமல் தாங்கியிருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அப்பாவை இரவு பகல் பார்த்த தாதியர், டோர்வல் வேலைத்தல நண்பர்கள், எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்கள், தூர இடங்களிலிருந்து வந்த உறவுகள், விரலை நீட்டிக் காட்டிய இசபெல் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்று அப்பாவின் படையலில் தேநீரும் இருக்கிறது. இரண்டு கரண்டி சீனி போட்டிருக்கிறேன்.