வேண்டாததை முதலில் கேட்டவர்

புரட்டாசியின் முதல் மழை பெய்து கரிசல் பதமாக இருந்தது. ஊரில் பாதிப்பேர் காட்டில் விதைப்பில் நின்றோம். டிராக்டர் சத்தத்தில் கைப்பேசி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. ஓட்டுநர்தான் வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணே, ஒங்க சட்டப் பையில போனு மினுக்குது" என்றார். அருப்புக்கோட்டையிலிருந்து தனம் அக்காவின் மகன் பேசினார். "மாமா, அம்மா போயிட்டாக" என்றவர், அதற்குமேல் பேச முடியாமல் வைத்துவிட்டார்.

விதைப்பை விட்டுவிட்டுப் போவதா, முடித்துவிட்டுப் போவதா என்று காட்டிலேயே பேச்சு எழுந்தது. ஈரம் காய்ந்தால் அடுத்த மழை எப்போது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் வீட்டுக்கு ஒருவர் துட்டி கேட்கப் போவது, மற்றவர்கள் விதைப்பை முடிப்பது என்று ஆனது. "வெதைக்காம எல்லாரும் வந்து நின்னா, அக்கா எந்திரிச்சு உக்காந்து வையும்லே" என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

தனலட்சுமி என்ற முழுப்பெயரை நாங்கள் யாரும் சொன்னதில்லை. அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம். கணவர் இறந்த பிறகு கடையை அக்காதான் நடத்தினார். திருச்சுழிக்குப் போகும் வழியில் உள்ள எங்கள் ஊரிலிருந்து நான் உளுந்தும் மல்லியும் அந்தக் கடைக்குக் கொண்டுபோவேன். ஒருநாள் குதிரைவாலி அரிசி மூட்டையைக் காட்டிக் கேட்டார். "இது ஒங்க பக்கம் வெளைஞ்சதுதேன். எங்கெங்கயோ போயி, உமிய எடுத்துக்கிட்டு, திரும்பி என் கடைக்கே வருது. அங்கேயே ஒரு மில்லு வச்சா என்ன தம்பி?" அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான் எங்கள் ஊர் ஆலை.

தொழில் தொடங்க வருகிறவர்கள் என்ன தரப்போகிறோம் என்று பேசித்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். வேலை தருவோம், ரோடு போட்டுத் தருவோம் என்பார்கள். ஊர் மந்தையில் கூட்டம் கூடிய அன்று அக்கா எழுந்து, "நான் என்ன தருவேன்கிறத அப்புறம் பேசுவோம். ஒங்களுக்கு என்ன வேணாமோ, அத மொதல்ல சொல்லுங்க" என்றார். அப்படி எங்களை யாரும் கேட்டதில்லை. வேண்டாதது ஒவ்வொன்றாக வந்தது. சாமி கும்பிடு அன்றைக்கு மெசின் ஓடக்கூடாது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் லாரி வரக்கூடாது. வெளியூர் ஆட்களை வேலைக்குக் கூட்டிவரக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றார். "பொம்பளையாளுக மெசினத் தொடக் கூடாது" என்று ஒருவர் சொன்னபோது மட்டும் மறுத்துத் தலையை ஆட்டினார். "அத ஒத்துக்கிற மாட்டேன். மொதல்ல மெசினத் தொடப் போறதே நான்தேன்."

ஊர்ப் பொதுவில், மேலத்தெருவுக்கு மேற்கே ஒட்டினாற்போல் இடம் கிடைத்தது. எங்களில் பலர் பங்கு சேர்ந்தோம். என்னைப் பொறுப்பாளராக வைத்தார்கள். தை, மாசியில் ஓட்டிப் பார்த்தபோது தூசி காட்டுப்பக்கமாகப் போனது. ஆடியில் காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கியதும், உமித்தூசி முழுவதும் மேலத்தெருவுக்குள் இறங்கியது. ஒருநாள் காலை அந்தத் தெருப் பெண்கள் ஆலை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் இருந்தவர் முத்துராக்கு. ஆடு வளர்ப்பவர். எதையும் தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறவர்.

சென்னையில் ஒரு கம்பெனியிடமிருந்து எங்களுக்கு முதல் பெரிய ஆர்டர் வந்திருந்த நேரம் அது. அன்றைக்கு ஆலைக்கு வந்திருந்த அக்காவைத் தனியே அழைத்து, "லோடு போற வரைக்கும் பொறுத்துக்கிறச் சொல்லுவோம்க்கா. அப்புறம் பேசிக்கிருவோம்" என்றேன். அவர் வாசலுக்குப் போனார்.

"என்ன தாயி?"

"என்னவா? எங்க வீட்டுக்கு வந்து ஒரு வேள கஞ்சி குடிச்சுப் பாருங்க. குடிக்கிறது கஞ்சியா தூசியான்னு ஒங்களுக்கே தெரியும்."

"சரி, வா. குடிக்கிறேன்."

முத்துராக்கு அதை எதிர்பார்க்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி, மெசின நிறுத்திறாத. நான் வர்ற வரைக்கும் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் நடந்தார்.

உச்சிவெயில் நேரத்தில் திரும்பி வந்தார். புருவத்திலும் இமையிலும் தூசி படிந்திருந்தது. முகம் கழுவக்கூட நிற்காமல் நேராக உள்ளே போய் மெசினைத் தன் கையாலேயே நிறுத்தினார். முத்துராக்குவின் மகள் பிரசவத்துக்கு வந்து தாய்வீட்டில் இருந்தார். "பச்சப்புள்ளைய முந்தானைய வச்சு மூடிக்கிட்டு மூலையில உக்காந்திருக்கு அந்தப் புள்ள" என்றார் அக்கா. "அது மூச்சுல நம்ம தவிடு போகுது தம்பி."

அந்த ஆர்டர் கைவிட்டுப் போனது. பங்குதாரர்கள் கொதித்தார்கள். "ஒரு தெருவுக்காக மில்லையே மூடுவாகளா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அக்கா குரலை உயர்த்தவில்லை. "ஊருல இருக்குறவுக மொகத்தப் பாக்க முடியாம, ஊருக்குள்ள எப்பிடிய்யா மில்லு ஓட்டுறது?" என்றார். யாருக்கும் மனம் ஆறவில்லை என்பதையும் நான் சொல்ல வேண்டும். இரண்டு பேர் பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

காரியாபட்டியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பார்த்து, உமி தள்ளும் குழாயைத் திருப்பி, தூசி அடங்குவதற்குத் தனி அறை கட்டச் சொன்னார். மேலத்தெரு ஆண்கள் சுவர் எழுப்பினார்கள். முத்துராக்கு மண் சுமந்தார். சுமந்துகொண்டே நிபந்தனையும் போட்டார். "எங்க வீட்டுக்காரரு வெள்ள வேட்டியக் காயப் போடுவேன். சாயங்காலம் வெள்ளையா இருந்தாத்தேன் ஒத்துக்கிருவேன்." முதல் தடவை ஓட்டியபோது வேட்டி பழுப்பேறி வந்தது. அக்கா அதை வாங்கி, விரித்துப் பார்த்துவிட்டு, "இடிச்சுக் கட்டுங்க" என்றார். மறுபடி கட்டி ஓட்டியபோது வேட்டி வெள்ளையாகவே இருந்தது. முத்துராக்கு அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதுதான் சம்மதம்.

பிறகு ஆலையில் வேலைக்கு வரும்படி அக்கா அவரைக் கூப்பிட்டார். முத்துராக்கு வரவில்லை. "நான் உள்ள வந்துட்டா, வெளிய இருந்து யாரு பேசுறது?" என்று கேட்டுவிட்டார். இந்தப் பதிலை அக்கா பந்தல்குடி, மல்லாங்கிணறு என்று போகிற ஊரிலெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தன்னை மறுத்த ஒரு சொல்லை அவ்வளவு பெருமையாகச் சுமந்து திரிந்த வேறு முதலாளியை நான் பார்த்ததில்லை.

அக்காவுக்குக் கோபமே வராது என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். ஆலையிலேயே மிளகாய் வத்தல் அரைத்துப் பொடியாக்கி விற்க அவர் மிகவும் ஆசைப்பட்டார். காரம் தெருவில் நிற்க விடாது என்று ஊர் ஒரே குரலில் மறுத்தது. அக்கா எழுந்து பஸ் ஏறிப் போனவர்தான். நெடுநாள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் நாலைந்து பேர் கடைக்கே போனோம். நிமிர்ந்து பார்க்காமல் பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். "ஊரு வேணாம்னா வேணாம்தேன். அதுல மறுபேச்சு இல்ல. ஆனா நான் கோவிச்சுக்கிறக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே?" என்றார். பிறகு, "நின்னுக்கிட்டே இருந்தா எப்பிடி? டீ சொல்றேன், உக்காருங்க" என்றார். அடுத்த வாரம் ஆலையில் அவர் குரல் கேட்டது. வத்தல் பேச்சை அவர் திரும்ப எடுக்கவே இல்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது மதுரையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். இருதயம் தளர்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். பேசக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "மேலத்தெருவுல யாரும் ஏதும் சொன்னாகளா?" என்று கேட்டார். நோயாளியைக் கலங்க விடக் கூடாதே என்று, "ஒண்ணும் சொல்லலக்கா, எல்லாம் நல்லாப் போகுது" என்றேன்.

"சொல்லலன்னா நல்லாப் போகுதுன்னு அர்த்தம் இல்ல தம்பி. நீ போயி கேக்கல. அம்புட்டுத்தேன்."

அது உண்மைதான். நான் கேட்கவில்லை.

அடக்கத்தன்று முத்துராக்கு ஓரமாக நின்றிருந்தார். ஒப்பாரியில் சேரவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து, "எம்புட்டுச் சண்ட போட்டிருக்கேன். ஒரு தடவகூட மூஞ்சியத் திருப்பல அவுக" என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

இதைப் படிக்கிற, அக்காவை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதாவது இருக்கும். மெசின் ஓட்ட அவர் பழக்கிய பெண்கள் இருக்கிறார்கள். கடையை மகன் பார்த்துக்கொள்வார். நான் வைத்துக்கொண்டது, ஆலை வாசலிலிருந்து மேலத்தெருவுக்கு அவர் நடந்த அந்த நடையை. கேட்பதற்காகப் போகிற நடை அது.

காரியம் முடிந்து ஆலையைத் திறந்த அன்று காலை, மெசினைப் போடுவதற்கு முன் மேலத்தெருவுக்குப் போனேன். முத்துராக்கு ஆடுகளுக்குத் தின்ன இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, இந்தப் பக்கம்?"

"ஏதாச்சும் சொல்லணுமான்னு கேக்க வந்தேன்."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார்.

"உக்காருங்க. நெறையாக் கெடக்கு."

உட்கார்ந்தேன். லாரிக்காரர் அடிக்கும் ஹாரனில் ஆடு மிரண்டு ஓடுவதிலிருந்து அவர் தொடங்கினார்.