உபயதாரர் இல்லாத வேன்

எங்கள் ஊரில் ஒரு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தாலும் அதன்மேல் பெயர் எழுதிவிடுவார்கள். கோயில் மின்விசிறி, பள்ளிக்கூட பெஞ்சு, பஸ் ஸ்டாப் தண்ணீர்த் தொட்டி என்று எங்கே திரும்பினாலும் ஓர் 'உபயம்' நிற்கும். நான் அதைக் கேலி செய்துகொண்டே வளர்ந்தவள். அந்த எழுத்தால் என் மகளின் பள்ளிக்கூடமே பறிபோகப் பார்க்கும் என்று நினைத்ததில்லை.

என் மகளால் நடக்க முடியாது. வேலம்பாளையத்தில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்தும் சிறப்புப் பள்ளிக்கு அவளும் இன்னும் சில பிள்ளைகளும் வேனில் போய்வந்தார்கள். வேன் இல்லையென்றால் அவளுக்குப் பள்ளி இல்லை. மறுபடியும் ஜன்னலோரக் கட்டில்தான். நான் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் வேலை பார்க்கிறேன். தினமும் அவளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பள்ளியில் விட்டுவிட்டு, எப்போது வேலைக்குப் போவது?

வேனுக்கு டீசலும் டிரைவர் சம்பளமும் ஓர் ஏற்றுமதி முதலாளி மாதாமாதம் கொடுத்துவந்தார். வேனின் பின்பக்கம் பள்ளியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அவருடைய கம்பெனி பெயர் இருந்தது. நம் ஊர்த் துணிக்கு அமெரிக்காவில் வரியைக் கூட்டினார்கள், இங்கே ஆர்டர் நின்றது. எங்களுடைய ஒன்றரை ஷிப்ட் அரை ஷிப்டாகச் சுருங்கிய அதே சமயத்தில் அவர் பணமும் நின்றது. மாதக் கடைசியோடு வேன் ஓடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று அவர் கம்பெனிக்கே போனேன்.

"ஏனுங்க அம்மணி, நானே பாதி மெஷினை நிறுத்திப்போட்டு உக்காந்திருக்கறனுங்க. இருந்தாத் தர மாட்டனுங்களா?" என்றார்.

பொய்யில்லை. வாசலில் ஒரு லாரிகூட இல்லை. அவரைத் திட்டக்கூட முடியவில்லையே என்று எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

வெட்கத்தை விட்டு டீக்கடையில் வாய் திறந்தேன். டீ மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "வேன் நிக்குதுங்களா? அதான் பின்னாடியே முதலாளி பேரு இருக்குதுங்களே!"

ராயபுரத்தில் கட்டிங் வேஸ்ட் துணி வாங்கி விற்கும் பாயும் அதையேதான் சொன்னார். எங்கள் செக்கிங் பெண்களும் அதையே சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் இவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை, இவர்களுக்குக் கொடுக்கத் தோன்றவுமில்லை. பணம் நின்ற பிறகும் அந்தப் பெயர் ஊரெல்லாம் சுற்றி, இங்கே ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

முதலாளிக்குப் போன் போட்டேன். "உங்க பேரை அழிச்சுக்கட்டுங்களா?"

"அழிச்சுக்குங்க அம்மணி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

பள்ளியில் சம்மதம் வாங்கிக்கொண்டு பெயிண்டரை வரச்சொன்னேன். 'இந்த வேனுக்கு இப்போது உபயதாரர் இல்லை. ஒரு நாள் ஓட்டத்தை நீங்கள் ஏற்கலாம்' என்று எழுதச் சொன்னேன்.

"ஐயோ அக்கா, மானம் போயிருமுங்க" என்றார் டிரைவர்.

"போனாப் போகுது. மானத்தை ஊத்துனா வண்டி ஓடுங்களா?" என்றேன்.

முதல் நாளே சிக்னலில் ஒருவர் கண்ணாடியைத் தட்டி விசாரித்தாராம். பிறகு வாரத்தில் ஒரு நாள் எங்களுக்கு என்று ஆளாளுக்குக் கேட்டு வந்தார்கள். திங்கட்கிழமை ஓட்டத்தை எங்கள் செக்கிங் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள், அத்தனை பேரும் அரை ஷிப்ட் கூலிக்காரிகள். செவ்வாய் பாயுடையது. புதன் டீக்கடையுடையது. ஒரே அறையில் தங்கியிருந்த பீகார் டெய்லர்கள் அரைகுறைத் தமிழில் சண்டை போட்டு வியாழனை வாங்கினார்கள். வெள்ளிக்குத் திருமுருகன்பூண்டி சிற்பப் பட்டறை ஆட்கள் வந்தார்கள். ஊருக்கு நெருக்கடி வந்தால் பெரிய கை முதலில் மடங்குகிறது. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், அந்தக் கையில் பேங்க் கடன் தொங்குகிறது. சின்னக் கைகள் கொடுத்தது கொஞ்சமானாலும் விட்டுவிடவில்லை. சிறு துளி பெருவெள்ளம் என்று பள்ளிக்கூடத்தில் நூறு முறை எழுதியிருக்கிறேன், நம்பியது அப்போதுதான்.

வேன் ஒரு நாள்கூட நிற்கவில்லை. சுற்றி எத்தனையோ மெஷின்கள் நின்ற காலத்தில் எங்கள் வேன் நிற்கவில்லை!

ஆர்டர்கள் மெல்லத் திரும்பின. ஒரு காலையில் அந்த முதலாளியே எங்கள் தெருவுக்கு வந்தார். நான் மகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் ஒரு நாள் குடுங்க அம்மணி. பேரெல்லாம் வேண்டாமுங்க."

"திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஆளுக இருக்காங்களேங்க. சனி, ஞாயிறு ஸ்கூல் லீவுங்க" என்றேன். நாங்கள் கேட்டு அவர் இல்லையென்ற இடத்தில் இப்போது அவர் கேட்டு நான் இல்லையென்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

அவர் முகம் வாடிவிட்டது. அதற்குள் வேன் ஜன்னலிலிருந்து என் மகள் தலையை நீட்டினாள்.

"அப்ப சனிக்கிழமை நீங்க எடுத்துக்குங்க அங்கிள். நாங்க பார்க்குக்குப் போறோம்!"

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். என் மகள் இப்போது வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.